நாற்பத்தொரு பேர் பார்த்த இரண்டு நிமிடம்

நாற்பத்தொரு பேர் அந்த இரண்டு நிமிடக் காட்சியைப் பார்த்துவிட்டார்கள். நாற்பத்தொரு பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர்கூட அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால் விஷயம் சுலபம். எங்கே நன்றாக இல்லை என்று தேடித் திருத்திவிடலாம். பார்க்கவே இல்லை என்றாலும் சரி, பார்க்க வைக்க வழி தேடலாம். பார்த்து, பிடித்து, பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு எல்லோரும் எங்கே போனார்கள்? எட்டு மாதமாக அவள் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிடி கிடைக்கவில்லை.

நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாள். யார், யார் மூலமாகக் கிடைத்தவர், எங்கே பார்த்தார், என்ன சொன்னார் என்று பக்கத்துக்கு நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தில் அவரவர் வார்த்தையை மாற்றாமல் எழுதியிருந்தாள். ஒரு விளம்பரப் பட இயக்குநர்: ‘லைட்டிங் பிரமாதம்.’ ஒரு தொடர் தயாரிப்பாளர்: ‘அந்த நடிகர் யாரு? நம்பர் இருக்கா?’ ஓர் எடிட்டர்: ‘வீடு எங்க புடிச்சீங்க? ஷூட்டிங்குக்கு விடுவாங்களா?’ ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘மழை நெஜ மழையா?’ என்று கேட்டிருந்தார். ஆமாம் என்றதும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். மழை நிஜம்தான். ஜன்னல் விளிம்பில் அது சொட்டும் சத்தம் மட்டும் அவளுடையது. தகரத் தட்டில் அரிசியை ஐந்தைந்தாக விட்டுப் பதிவு செய்தது.

அவளுடைய வேலையைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். படத்தில் ஒருவர் நடந்து வருகிறார். காலடிச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அவர் காலிலிருந்து என்போம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். படப்பிடிப்பில் மைக்கை நடிகரின் வாயைக் குறிவைத்துப் பிடிக்கிறார்கள். வசனம் சுத்தமாக விழ வேண்டும். அதன்மேல் காலடி விழுந்து கெடுத்துவிடக் கூடாது என்று தரையில் கம்பளி விரிக்கிறார்கள். ஷூவின் அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டுகிறார்கள். குவளையை மேஜையில் வைத்தால் டக் என்று கேட்காமலிருக்க மேஜை விரிப்புக்கு அடியில் இன்னொரு துணி. இப்படிச் சத்தத்தையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கொன்றுவிட்ட பிறகு, படத்தில் இருப்பவருக்குக் குரல் மட்டும் மிஞ்சுகிறது. உடம்பு இல்லை. அந்த உடம்பைச் சத்தத்தால் திரும்பச் செய்து கொடுப்பதற்கு ஸ்டூடியோக்களில் ஃபோலி என்று பெயர்.

அவள் அதைத்தான் செய்தாள். சத்தம் புகாத சிறிய அறையில், திரைக்கு முன்னால் மைக்கை வைத்துக்கொண்டு, திரையில் இருப்பவர் கால் வைக்கும் அதே நொடியில் இவளும் வைப்பாள். கனமான ஆள் என்றால் குதிகாலை முதலில் இறக்க வேண்டும். யோசனையில் இருப்பவர் என்றால் பாதத்தின் ஓரம் லேசாக உரச வேண்டும். இதற்கென்று ஒரு பெட்டி நிறையப் பதினேழு ஜோடி ஷூ வைத்திருந்தாள். அதில் ஆறு ஜோடி அவள் காலுக்குச் சேராது, கையில் மாட்டிக்கொண்டு நடக்க வைப்பாள்.

அந்த இரண்டு நிமிடக் காட்சி, கூடப் படித்த கேமராக்காரன் எடுத்த குறும்படத்தில் வருவது. ஓர் ஆள் மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறார். கோட்டைக் கழற்றுகிறார். சாவியை ஆணியில் மாட்டுகிறார். ‘வந்துட்டேன்’ என்கிறார். நாற்காலியில் உட்காருகிறார். அவ்வளவுதான். ஈர ஷூவுக்காக உள்ளே நனைத்த துணியைத் திணித்து நடந்தாள். கோட்டுக்கு ஈரப் போர்வை. சாவிக்கு மட்டும் ஒன்பது சாவிக்கொத்துகளை மாற்றிப் பார்த்தாள், களைத்துப்போன ஆளின் சாவி எப்படி ஒலிக்கும் என்று தெரியும்வரை. நாற்காலிக்கு, மாடிப்படியின் கீழே கிடந்த இரும்புக் கட்டிலின் கீல். மொத்தம் பத்தொன்பது நாள்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதி உண்டு. செய்தது யாருக்கும் தெரியக் கூடாது. பார்ப்பவர் ‘என்ன சத்தம் அது?’ என்று ஒரு கணம் திரும்பினால்கூடத் தோல்வி. அவளுடைய காட்சியில் நாற்பத்தொரு பேரும் திரும்பவில்லை. அதில் அவளுக்குக் கர்வம்கூட இருந்தது.

அந்த நகரத்தில் இந்த வேலைக்கு விளம்பரம் வராது. திங்கட்கிழமை வர வேண்டிய ஆள் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று படுத்துவிடுவான். உடனே ஒருவர் இன்னொருவருக்கு ஃபோன் செய்து, ‘யாராவது இருக்காங்களா?’ என்பார். அந்த நொடியில் அந்த இன்னொருவரின் மனதில் எந்த முகம் வருகிறதோ, வேலை அந்த முகத்துக்கு. ஆகவே நகரத்துக்கு வந்தவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நிறையப் பேர் கண்ணில் நிறைய முறை பட வேண்டும்.

அதற்கு நல்ல இடம் முன்னோட்டக் காட்சி போடும் சிறிய திரையரங்குகளின் முன்கூடம். படம் முடிந்து லிஃப்ட் வருவதற்குள் பத்து நிமிடம் கிடைக்கும். முதல் இரண்டு மாதம் எல்லோரையும் போல அவளும் தேநீர் கொடுக்கும் மேஜைக்கு அருகில் நின்றாள். அங்கே எல்லோரும் கையில் கோப்பையுடன் தங்களுக்குத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள், தெரியாதவர்கள் மேல் பார்வை நிற்காது. பிறகுதான் கவனித்தாள், பெரிய ஆட்கள் அசையாமல் நிற்கும் ஒரே இடம் சுவரில் சார்ஜர் செருகும் இடம். இரண்டு மணி நேரம் ஃபோனை அணைக்காமல் படம் பார்ப்பவர்கள், வெளியே வரும்போது சார்ஜ் தீர்ந்து தவிப்பார்கள். செருகும் இடமோ ஒன்றே ஒன்று. மறு வாரம் அவள் ஆறு இணைப்புள்ள நீட்டிப்புப் பெட்டி ஒன்றையும், நான்கு வகை ஒயர்களையும் பையில் போட்டுக்கொண்டு போய் அந்தச் சுவரோரம் நின்றாள்.

அது வேலை செய்தது. மூன்றே மாதத்தில் அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. சார்ஜர் பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். ஃபோன் ஏறும் வரை நிற்கிறவர்களிடம் அவள் தன் காட்சியைக் காட்டினாள். நோட்டு நிரம்பியது இப்படித்தான்.

ஒரு புதன்கிழமை காலை ஒரு தயாரிப்பு நிர்வாகியிடமிருந்து அழைப்பு வந்தது. குளியலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து எடுத்தாள்.

“சார்ஜர் பொண்ணுதானே?”

“ஆமா சார்! சொல்லுங்க சார்!”

“நாளைக்கு உனக்கு வேலை ஏதாவது இருக்காம்மா?”

“இல்ல சார். நாளைக்கு, நாளன்னைக்கு, எதுவும் இல்ல சார்.”

“அப்ப நல்லதாப் போச்சு. அந்த ஆறு ஓட்டை பாக்ஸ் உனக்குத் தேவைப்படாதில்ல? ஆள் அனுப்புறேன், குடுத்து விடு. ரெண்டு நாள்ல வந்துடும்.”

பெட்டி திரும்பி வரவில்லை.

கேமராக்காரன் அவளை எடிட்டிங் கட்டடத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்கு வரச் சொன்னது அதற்கு அடுத்த வாரம். இரண்டு டீக்குச் சொல்லிவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஒயர் உறையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.

“மச்சி, கோவப்படாத.”

“விஷயத்தச் சொல்லு.”

“எனக்கு ரெண்டு விளம்பரப் படம் வந்திருக்கு.”

“நல்லதுதானடா? இதுல நான் கோவப்பட என்ன இருக்கு?”

“உன் கிளிப்பப் பாத்துட்டுதான் கூப்பிட்டாங்க. ரெண்டு பேருமே.”

அவள் டீயை ஊதினாள். “என்னப் பத்திச் சொன்னியா?”

“சொன்னேன்டி, சத்தியமா. ‘சவுண்டு இவதான் பண்ணா’ன்னு பேரு, நம்பர் எல்லாம் குடுத்தேன். அதுல ஒருத்தரு திருப்பிப் போட்டுப் பாத்துட்டு, ‘இதுல சவுண்டு எங்கப்பா இருக்கு? ஒரு ஆளு சும்மா வீட்டுக்கு வர்றான், அவ்ளோதானே?’ங்கிறாரு.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவனுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. வீடு திரும்பும்போது பாதி வழியில்தான், தானும் சேர்ந்து சிரித்தது அவளுக்கு உறைத்தது. பேருந்து நிறுத்தத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேருந்துகள் போயின.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

“அந்தப் பல் டாக்டர் திங்கக்கிழமை வரைக்கும்தான் உனக்காகக் காத்திருப்பாராம். ரிசப்ஷன்ல உக்காந்து அப்பாயிண்ட்மெண்ட் எழுதுற வேலை. அத்தான் நாலு தடவை போய்க் கேட்டு வாங்கியிருக்கார்டி.”

“அக்கா, இன்னும் ஒரு மாசம்.”

“போன மாசமும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தின மாசம் சொன்னதும் இதேதான். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

“இப்ப ஒரு பெரிய இடத்துக்கு வழி கெடச்சிருக்குக்கா.”

“அதையும் சொல்லியிருக்க.” அக்கா பெருமூச்சு விட்டாள். “அம்மா எல்லார்கிட்டயும் ‘சின்னவ சினிமாவுல இருக்கா’ன்னு சொல்லி வச்சிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு படம் விடாம உன்னத் தேடுறாங்க. ‘கூட்டத்துல ஒரு பொண்ணு நின்னுச்சே, அதுவா?’ன்னு நேத்துகூடக் கேட்டாங்க.”

“நான் படத்துல வர மாட்டேன்க்கா. எத்தனை தடவை சொல்றது?”

“எனக்குத் தெரியும்டி. ஆனா என்ன வேலைன்னு கேட்டா சொல்லத் தெரியல. நடக்குற சத்தம் போடுறான்னு சொன்னேன். ‘நடந்தா தானா சத்தம் வராதா, அதுக்குத் தனியா ஒரு ஆளா?’ன்னு அத்தான் கேக்குறார். நான் என்ன பதில் சொல்ல?”

அவள் ஷூப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“தோத்துட்டு வர்றேன்னு நெனைக்காத,” என்றாள் அக்கா, குரல் இறங்கி. “வீட்டுக்கு வர்றேன்னு நெனச்சுக்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட ஒப்புக்கொண்டாள். அதற்குள் எங்கிருந்தாவது அழைப்பு வந்தால் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு. பல் டாக்டரின் மேஜையில் ஒரு முறை உட்கார்ந்துவிட்டால், அந்தப் பதினேழு ஜோடி ஷூவும் பரணுக்குப் போகும், பிறகு இறங்காது. இது அவளுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அவள் சொன்ன பெரிய இடம் பொய்யில்லை. ஒலி வடிவமைப்பாளர் ஒருவர் இருந்தார். அந்தத் தொழிலில் எல்லோரும் அவரைக் ‘காது’ என்றுதான் சொல்வார்கள். பத்து மைக் வைத்த அறையில் எந்த மைக்கின் ஒயர் பழையது என்று கேட்டே சொல்லிவிடுவாராம். அவரிடம் மூன்று ஃபோலி ஆட்கள். ஒருத்தி கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள், இடம் காலியாக இருக்கிறது என்று நோட்டின் முப்பத்தெட்டாவது ஆள் சொன்னார். முப்பத்தொன்பதாவது ஆள் நாற்பதாவது ஆளுக்குச் சொல்லி, அவர் காதுவின் உதவியாளருக்குச் சொல்லி, ஒருவழியாகக் காட்சி காதுவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பத்தொன்றாவது ஆள் அவர்தான். மற்றவர்களுக்குக் கேட்காமல் போகலாம். அவருக்குக் கேட்கும்.

வியாழக்கிழமை மதியம் உதவியாளரிடமிருந்து செய்தி வந்தது. ‘அண்ணன் பாத்தாரு. ரொம்பப் பிடிச்சிருக்கு. லொக்கேஷன் சவுண்டு இவ்வளவு சுத்தமா யார் எடுத்ததுன்னு கேக்குறாரு. அவர் நம்பர் அனுப்பு.’

மூன்று முறை படித்தாள். பிறகு அந்த உதவியாளர் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“அக்கா, அது படப்பிடிப்புல எடுத்த சவுண்டு இல்ல. நான் ரூம்ல பண்ணது.”

“எது?”

“எல்லாமே. காலடி, கோட்டு, சாவி, நாற்காலி...”

“எல்லாமேவா?” மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “இங்க பாரு தங்கச்சி. வாரத்துக்குப் பத்து பேர் ‘எல்லாம் நான்தான்’னு வர்றாங்க. போன வாரம் ஒருத்தன், அண்ணன் பண்ண படத்தையே கொண்டாந்து அண்ணன்கிட்டயே போட்டுக் காட்டி, நான் பண்ணதுன்னான். நான் யாரன்னு நம்புறது? அந்த ரெக்கார்டிஸ்ட் நம்பர் இருந்தா அனுப்பு. இல்லன்னா விடு.”

அந்த நகரத்திலேயே கூர்மையான காதை அவள் ஏமாற்றிவிட்டாள். இந்தத் தொழிலில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தது தான்தான் என்பதற்கு மட்டும் உலகத்தில் எந்த அடையாளமும் இல்லை. பத்தொன்பது நாள் செய்த வேலை, தன் கால்தடத்தைத் தானே துடைத்துக்கொண்டு போய்விட்டது.

அவள் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காட்சியை ஃபோனிலிருந்து அழித்தாள். கணினியில் இருந்ததை அழித்தாள். இணையத்தில் ஏற்றி வைத்திருந்ததையும் நீக்கினாள். ‘நிச்சயமாக நீக்க வேண்டுமா?’ என்று அது கேட்டது. எட்டு மாதத்தில் அவளுடைய வேலையைப் பற்றி யாரோ அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பெட்டி கட்டினாள். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு அறைத்தோழி வந்தாள். அவள் நர்ஸ். ஒன்பது மாதமாக ஒரே அறை என்றாலும், ஒருத்தி வரும்போது இன்னொருத்தி கிளம்பிக்கொண்டிருப்பாள். பேசிக்கொண்டதெல்லாம் தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் சாவியைப் பற்றியும்தான்.

“பதினேழும் போகுதா?” நர்ஸ் வாசலில் நின்று ஷூக்களைப் பார்த்தாள். “இனிமே ராத்திரி ட்யூட்டிக்குப் போறப்ப தடுக்கி விழ மாட்டேன்.”

“சந்தோஷமா இரு.”

“இருக்கேன்.” பையை வீசிவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். “ஏய், அந்த வீடியோவக் காட்டேன். ஊர்ல நாப்பத்தோரு பேர் பாத்திருக்காங்க, பக்கத்துக் கட்டில்ல கெடக்குற நான் பாக்கல. நாளைக்கு யாராவது கேட்டா என் மானம் போகும்.”

“அழிச்சிட்டேன்.”

நர்ஸ் எழுந்து உட்கார்ந்தாள். “லூசா நீ?”

எங்காவது ஒன்று மிச்சம் இருக்கும் என்று நர்ஸ்தான் பிடிவாதமாகத் தேட வைத்தாள். இருந்தது. வெறும் எண்ணைப் பெயராக வைத்திருந்ததால் அழிபடாமல் தப்பிய ஒரு கோப்பு. அது வேலைப் பிரதி. யாருக்கும் காட்டுவதற்கு அல்ல, அவள் தனக்காக வைத்துக்கொண்டது. அதில் இடது காதில் படப்பிடிப்பில் பதிவான ஒலி மட்டும் வரும். வலது காதில் அவள் செய்தது மட்டும் வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்ய அப்படி ஒரு வசதி. முடிந்த பிறகுதான் இரண்டையும் கலந்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஆக்குவாள்.

நர்ஸ் தன் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டாள். பழையது. வலது பக்கம் வேலை செய்யாது, ஒயரைச் செருகும் இடத்தில் ஒரு மாதிரி வளைத்துப் பிடித்தால் மட்டும் உயிர் வரும்.

அவள் ஷூக்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது?” என்றாள் நர்ஸ். “இந்தாளு பேய் மாதிரி வர்றான். கால் தரையிலயே படல. கோட்டக் கழட்டுறான், சாவி மாட்டுறான், ஒண்ணும் கேக்கல. ‘வந்துட்டேன்’னு மட்டும் சொல்றான். எவனோ கெணத்துக்குள்ள இருந்து டப்பிங் பேசின மாதிரி இருக்கு. இதையா நாப்பத்தோரு பேர் நல்லா இருக்குன்னாங்க?”

“உன் இயர்ஃபோன் ஒரு பக்கம்தான் கேக்குது. ஒயர வளை.”

நர்ஸ் வளைத்தாள்.

காகிதம் சுற்றிய ஷூவைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, நர்ஸ் வாயைத் திறந்தபடி இருந்தாள். முதலிலிருந்து மறுபடி ஓட விட்டாள். ஒயரை நேராக்கினாள், வளைத்தாள். நேராக்கினாள், வளைத்தாள். விளக்கின் சுவிட்சைக் குழந்தை போட்டுப் போட்டு அணைப்பது போல.

“இந்த நடை நீயா?”

“ம்.”

“கோட்டு?”

“ஈரப் போர்வை. உன்னோடதுதான். சொல்லாம எடுத்துட்டேன்.”

“சாவியும் நீயா?” மறுபடி வளைத்தாள். “அந்த நாற்காலில உக்கார்றாரே, அப்பதான்டி அந்த வீட்ல வேற யாருமே இல்லன்னு தெரியுது. அதுவும் நீயா?”

“கீழ கெடக்குற கட்டில்.”

நர்ஸ் இயர்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இத எங்கிட்டகூட நீ சொல்லலியே! செருப்பு சேக்குற கிறுக்குன்னு நெனச்சுட்டிருந்தேன். ஏன்டி, அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? எங்க வார்டுல ஒருத்தருக்கு நூத்தி நாலு காய்ச்சல், ராத்திரி முழுக்க நின்னு எறக்கினேன்னு வை. காலையில சார்ட்டுல வெறும் தொண்ணூத்தெட்டுன்னு எழுதினா டாக்டர் என்ன செய்வார்? ‘இவருக்குத்தான் ஒண்ணுமில்லையே’ன்னு வீட்டுக்கு அனுப்பிடுவார். நூத்தி நாலையும் எழுதணும்ல? நீ நாப்பத்தோரு பேருக்கும் தொண்ணூத்தெட்டையே காட்டியிருக்க.”

அவள் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். நீல நோட்டின் கடைசிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. லைட்டிங். நடிகர். வீடு. மழை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. எதிரே இருந்ததைப் பார்த்துத்தான் பாராட்டினார்கள். இல்லாதபோது எப்படி இருக்கும் என்று தெரியாத ஒன்றை யாராலும் பாராட்ட முடியாது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எட்டு மாதம். அந்த நினைப்பு சந்தோஷத்தைத் தரவில்லை. பெட்டியை விட்டுவிட்டுக் கணினியைத் திறந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காதுவின் ஸ்டூடியோவில் இருந்தாள். வரவேற்பறையில் இரண்டு நாற்காலி, ஒரு செருப்பு அலமாரி. உள்ளே போகும் கதவு ஒரு சாண் கனம். உதவியாளர் அவளைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நம்பர் கொண்டாந்தியா?”

“கொண்டாந்திருக்கேன்க்கா. நாப்பது செகண்டு இதக் கேளுங்க.” நர்ஸ் யாரிடமோ கேட்டு வாங்கித் தந்த நல்ல இயர்ஃபோனை நீட்டினாள்.

முதல் இருபது நொடி ஓடியது. உதவியாளரின் புருவம் சுருங்கியது. “ஏதோ மிஸ்ஸாகுதே, தப்பா கட் பண்ணிட்டியா?” என்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இருபது நொடி, அதே ஆள், அதே கோட்டு, அதே சாவி. உதவியாளர் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய கால்களைப் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு அந்தக் கனமான கதவுக்குள் போய்விட்டாள்.

கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. நல்ல கதவு. அவள் செருப்பு அலமாரியின் ஜோடிகளை எண்ணினாள். பிறகு எண்ணுவதை நிறுத்தினாள். நாளை இந்நேரம் ரயிலில் ஜன்னலோரம் இருப்போம் என்று நினைத்துக்கொண்டாள், பழகிக்கொள்வதற்காக.

உதவியாளர் வெளியே வந்தாள். “அண்ணன் நாலு தடவை பாத்தாரு.”

“என்ன சொன்னாருக்கா?”

“திட்டினாரு.”

“என்னையா?”

“என்னை. ‘நான் நம்பர் கேட்டா, நீ ஆளையே வெளிய உக்கார வச்சிருக்கியா?’ன்னு.” ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். “திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துடு. நாலு நாள் வேலை. அதுக்கப்புறம் அவர் என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது, இப்பவே சொல்லிட்டேன். ஷூ இருக்கா?”

“பதினேழு ஜோடி.”

கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“நாலு நாளா?” அக்காவுக்குப் புரிய நேரம் எடுத்தது. “நாலு நாளுக்காக இந்த வேலைய விடச் சொல்றியா? அஞ்சாவது நாள் என்னடி பண்ணுவ?”

“தெரியலக்கா.”

“அத்தான்கிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“‘அவ டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டா’ன்னு சொல்லு.” பையைப் படியில் இறக்கி வைத்தாள். “உன் ஃபோனுக்கு ஒண்ணு அனுப்புறேன். இயர்ஃபோன் போட்டுக் கேளு. ஒரே சீன் ரெண்டு தடவை வரும், தப்பா வந்திருக்குன்னு பாதில நிறுத்திடாத. அத்தானுக்கும் போட்டுக் காட்டு.”

அக்கா சரி என்று சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. இயர்ஃபோன் எங்கே என்று யாரிடமோ கேட்டாள். பிறகு, “அனுப்பு,” என்றாள்.

அனுப்பினாள். பையிலிருந்து நீல நோட்டை எடுத்து, நாற்பத்தொன்றாவது வரிக்குக் கீழே எழுதினாள்:

ஒரே காட்சியை இரண்டு முறை காட்ட வேண்டும். முதலில் என் சத்தம் இல்லாமல் இருபது நொடி. அடுத்து என் சத்தத்தோடு அதே இருபது நொடி. இடையில் எதுவும் பேசக் கூடாது.